அவர் சொல்லாத சொல்

1

என் கணவர் இறந்து ஓராண்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கெடாரிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். இங்கே ஜெர்மனியில் காலை நேரம். கணவருக்காகத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். அங்கே மதியம் தாண்டியிருக்கும். தலைதிவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

அவர் பெயர் அஞ்சலாட்சி. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"எல்லாரும் சாப்ட்டாங்களா அண்ணி?"

"சாப்ட்டாங்க."

"நீங்க?"

அண்ணி பேச்சை மாற்றினார். "பிலோமி, பாப்பா பக்கத்துல இருக்கா?" என்றார்.

"இல்ல அண்ணி, குளிச்சிக்கினு இருக்கா."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. தம்பி அந்த வார்த்தைய எங்கிட்ட சொல்லவே இல்ல."

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அந்த ஒன்றை நம்பித்தான் என் கணவருடைய மூச்சுக் கருவியை நிறுத்தச் சம்மதித்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றேன். மகள் குளிக்கும் அறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவு பெரிய முடிவை அந்த தேசத்தில் தனியாக எப்படி எடுத்தாய் என்று. நான் தனியாக எடுக்கவில்லை. என்னோடு ஆட்கள் இருந்தார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் திண்டிவனம். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது, அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் குணசேகரன் பழக்கமானார். கெடாரில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். பாலிடெக்னிக் முடித்திருந்தார். அம்மா சிறுவயதிலேயே போய்விட்டதால் அவரை வளர்த்தது அஞ்சலாட்சி அண்ணிதான். தம்பிக்காகவே உள்ளூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொண்டவர்.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் மறுத்தார்கள். என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். குணசேகரனுடைய சித்தப்பா, பங்காளிகளை ஒருவரும் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தி வைத்தார். அப்படியிருக்க ஒருநாள் அண்ணி மட்டும் பஸ் ஏறித் திண்டிவனத்துக்கு வந்தார். அப்பா உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார்.

"நீங்க வேதக்காரவங்க, நாங்க சாமி கும்புடறவங்க. அது தெரிஞ்சிதான் வந்திருக்கேன். தம்பிய நான்தான் வளத்தேன். உங்க பொண்ணு கண்ணு கலங்காம நான் பாத்துக்கறேன். இத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேங்க."

அண்ணி எழுந்து போய்விட்டார். என் தம்பி அமல் அப்போது கல்லூரியில் இருந்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவருடன் நடந்துவிட்டு வந்து, "அப்பா, மாப்பிள்ளைய வுடு. அந்த அக்கா இருக்கிற வீட்டுக்குப் பொண்ணு குடுக்கலாம்" என்றான். அடுத்த மாதம் அப்பா சம்மதித்தார்.

நாங்கள் நான்கைந்து பேர் கூடி முடிவெடுக்கிற வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணி, அமல், விடுதியில் என் அறைத்தோழியாக இருந்து பிறகு விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த ரஷீதா, நாங்கள் இருவர். எனக்கு முதல் குழந்தை வயிற்றிலேயே தங்காமல் போனபோது, அடுத்ததற்கு எத்தனை காலம் பொறுப்பது என்பதைக்கூட ரஷீதாவைக் கேட்டுத்தான் செய்தோம். குணசேகரனுடைய கம்பெனி ஜெர்மனிக்குப் போகிறாயா என்று கேட்டபோது, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். எங்கள் மகள் இனியா என் மடியில் தூங்கினாள். ரஷீதா போ என்றாள். அமல் போங்க மாமா என்றான். அண்ணி மட்டும், "அங்க ஒண்ணுன்னா யாரு வருவாங்க?" என்று கேட்டார்.

என் கணவர் சிரித்தார். "ஒரு போன் போடறேன்க்கா, நீ ஜல்தியா வந்துரு" என்றார்.

3

ஜெர்மனியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. என் கணவர் வேலையிடத்தில் விழுந்துவிட்டார். மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவருடைய மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. நன்றாக மூச்சு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது கருவியின் மூச்சு என்று இனியாதான் சொன்னாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

அண்ணி வர முடியவில்லை. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. அவசரமாக எடுக்கலாம் என்று அமல் அலைந்தான். ஆதாரில் அஞ்சலாட்சி, ரேஷன் கார்டில் அஞ்சலை. பிறந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஊர் முழுக்க அறிந்த மனுஷி, தாசில்தார் அலுவலகத்தில் தன்னையே நிரூபிக்க முடியாமல் திரும்பி வந்தார். அமலிடம் பாஸ்போர்ட் இருந்தது, விசாவுக்கு நாள் கிடைக்கவில்லை. ரஷீதாவையும் சேர்த்து மூன்று பேருமே போனில்தான் இருந்தார்கள்.

வாரங்கள் போயின. ஒருநாள் நடைபாதையில் ஒரு நர்ஸ் என் தோளைத் தொட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது 'ஷைடுங்' என்ற சொல். விவாகரத்து. இந்த நிலையில் இருக்கிற மனிதரை விவாகரத்து செய்யச் சொல்கிறார்களா, இந்த ஊர்ச் சட்டமே அப்படியா? முடியாது, முடியாது என்று கத்தினேன். இனியா ஓடி வந்தாள். "அம்மா, அவங்க சொன்னது என்ட்ஷைடுங். முடிவு. முடிவு எடுக்கணும்னு சொல்றாங்க." இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்த இரண்டு சொல்லையும் பிரிக்கும் ஓர் அசை எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாகவும் தோன்றவில்லை.

தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி. பொறுமையானவர். கழுத்தில் துளையிட்டு, வயிற்றில் குழாய் வைத்து, கருவியோடு ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். வருஷக்கணக்காகக்கூட இருப்பார். ஆனால் விழிப்பார் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை. அல்லது நிறுத்தலாம். எது என்பதை நீங்கள் விரும்புவதை வைத்தோ நாங்கள் விரும்புவதை வைத்தோ தீர்மானிக்க முடியாது, அவர் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதுதான் முக்கியம் என்றார்.

"எங்கள் டீம் உங்களோடு இருக்கும்" என்றார் கடைசியில். "உங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்?"

இருக்கிறார்கள் என்றேன். எல்லோரும் சேர்ந்து பேச நேரம் கேட்டேன்.

4

ஒரு சின்ன அறை. மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. இனியாவின் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். விழுப்புரத்தில் வார்டு உடுப்போடு ரஷீதா தெரிந்தாள். அமல் திண்டிவனத்திலிருந்து பைக்கிலேயே கெடாருக்குப் போயிருந்தான். போனை அவன் பிடித்துக்கொள்ள, அண்ணி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் களத்தில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது.

வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நானே சொல்கிறேன் என்றாள் இனியா. பிள்ளையை இதற்கு வைத்துக்கொள்ள மருத்துவருக்கு விருப்பமில்லை. வேறு நாள் வைக்கலாம் என்றார். "என் அப்பா" என்றாள் இனியா. மருத்துவர் அதற்கு மேல் தடுக்கவில்லை.

மருத்துவர் சொல்வதை அவள் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழ் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்குப் போதுமான தமிழ். மூளைத்தண்டு என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. "தலைக்குள்ள, கீழ, முக்கியமான எடம்" என்றாள்.

"கண்ணு தொறக்கிறானா பாப்பா?" என்று அண்ணி கேட்டார்.

"சில நேரம் தொறக்கும் அத்தை. ஆனா பாக்கல."

"பேர் சொல்லிக் கூப்ட்டா?"

"இல்ல."

ரஷீதா மருத்துவரிடம் நேராக ஆங்கிலத்தில் சில கேள்விகள் கேட்டாள். பதில்களைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "பிலோமி, நான் இங்க இதுமாதிரி பாத்துருக்கேன். வச்சிருந்தா இருப்பாரு. இருக்கிறோம்னு அவருக்குத் தெரியாது. இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காத."

"நாங்க ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம்" என்றான் அமல். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமேக்கா. மாமா வயசு என்னா."

இனியா அதை மொழிபெயர்க்கவில்லை. "நானும் அதான் சொல்றேன்" என்றாள்.

மருத்துவர் கேட்டார்: இதைப் பற்றி அவர் எப்போதாவது, யாரிடமாவது, ஏதாவது சொன்னதுண்டா?

நான் தேடினேன். இருபது வருஷப் பேச்சு. பனி வழித்தது, துணி துவைக்கும் இயந்திரம் ரிப்பேர், இனியாவின் கணக்கு மார்க், அவருடைய கொழுப்பு மாத்திரை. சாவைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. மூன்று பேரும் திரையிலிருந்து என்னையே பார்த்தார்கள். இந்த ஒரு முறை முடிவை என்னால் அவர்கள் கையிலும் கொடுக்க முடியவில்லை, என் கையிலும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அப்போது அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கான். எங்கப்பா கை கால் வெளங்காம கெடந்தாரே, அப்ப சொன்னான். 'அக்கா, எனக்கு இப்படி வந்தா வச்சிக்கினு இருக்காதீங்க, வுட்ருங்க'ன்னான்."

"வச்சிக்கினு இருக்காதீங்கன்னா என்னம்மா?" இனியா என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் விளக்கினேன். ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருத்துவரிடம் திரும்பி ஜெர்மனில் சொன்னாள். இதையே சொன்னாரா என்று மருத்துவர் இன்னொரு முறை கேட்கச் சொன்னார்.

"ஆமா பாப்பா. இதேதான்" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "பிலோமி, ஊர்ல யாரு கேட்டாலும் அவங்க அக்காதான் சொன்னாங்கன்னு சொல்லிடு. உம்மேல ஒரு பேச்சு வரக் கூடாது" என்றார்.

அறையில் எல்லோருடைய தோளும் சற்று இறங்கியதை நான் பார்த்தேன். அமல்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா சொல்லியிருக்கிறார் என்றால் சரி என்றாள் இனியா.

5

கருவியை நிறுத்திய அன்று போனை அவருடைய காதருகே வைத்தோம். "தம்பி, அக்கா பேசறேன். நீ நல்லபடியாப் போ" என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஜெபமாலை சொன்னேன். இனியா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெயில் இருந்தபோதே முடிந்தது.

உடலை ஊருக்குக் கொண்டுபோவதற்கு எத்தனை முத்திரைகள் வேண்டுமோ அத்தனையும் வாங்கினேன். தூதரகத்தில் ஒருவர், பெட்டியின் மேல் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ் திண்டிவனத்தைத் தாண்டும்போது அப்பா ரோட்டோரம் நின்று மாலை போட்டார். அங்கிருந்து விழுப்புரம், கெடார்.

என் கணவருடைய சித்தப்பா பிணம் எடுப்பதற்கு வரவில்லை. உயிரோடு இருந்தவனைப் பொம்பளைங்க சேர்ந்து நிறுத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னாராம். அது காதுக்கு வந்ததும் அண்ணி தெருவில் இறங்கி அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். "நிறுத்தச் சொன்னது நான். தம்பி எங்கிட்ட சொன்னான், நான் அங்க சொன்னேன். அவளுங்கள ஒண்ணும் சொல்லாதீங்க." திரும்பி வந்து, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு இனியா என்னோடு தமிழில் பேசுவது குறைந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். நண்பர்கள் வீட்டில் தங்கிவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அத்தைக்குப் போன் போட்டுத் தமிழில் பேசுவாள். என்றாவது உடைந்து அழுகிற நாளில், "அப்பா கேட்டதைத்தானே செஞ்சோம்" என்பாள். "ஆமாம்" என்பேன் நான். அதைச் சொன்னால் அவளால் மறுநாள் பள்ளிக்கூடம் போக முடிந்தது. என்னாலும் சமையலறைக்குப் போக முடிந்தது.

6

"ஏன் அண்ணி இப்ப சொல்றீங்க?" என்று கேட்டேன். குளியலறையில் தண்ணீர் நின்றிருந்தது.

"இன்னிக்கி சித்தப்பா வந்திருந்தாரு. பந்தியில உக்காந்துகினு எல்லார்கிட்டயும் சொல்றாரு. 'எங்க புள்ள ஞானிடா, தனக்கு என்னா வரும்னு அப்பவே தெரிஞ்சிக்கினு அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கான்'னு. எல்லாரும் எம்மூஞ்சியப் பாத்து ஆமாங்கறாங்க. எனக்கு சோறு எறங்கல."

"நிஜமா அவரு என்னதான் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. எங்கப்பாவ அவன் ஒருநாளு சலிச்சிக்கல பிலோமி. பாலிடெக்னிக் வுட்டு வந்து பீ மூத்திரம் வாருவான். சவரம் பண்ணுவான். பேப்பரு படிச்சிக் காட்டுவான், அவருக்குக் காது கேக்குதா இல்லையான்னுகூடத் தெரியாது. வுட்ருங்கன்னு அவன் வாயில ஒருநாளும் வந்ததில்ல."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"நீ செலையாட்டம் ஒக்காந்திருந்த. பாப்பா அழுதுகினே பேசறா. ரஷீதா கண்ணாடிய கழட்டிட்டா. யாராச்சும் ஒருத்தரு சொல்லித்தானே ஆவணும்."

"எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணி."

"இருந்திருக்கலாம். முடியல."

நான் போனை வைத்துவிட்டேன். அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனை வைத்தது அதுவே முதல் தடவை.

அமலைக் கூப்பிட்டேன். அவனுக்கு அன்றைக்கே தெரியும். "போனை வச்சதும் அந்தக்கா எழுந்து மல்லாட்டைக் களத்துல போயி உக்காந்துட்டாங்க. நான் கிட்டப் போனதும், 'தம்பி, நான் செஞ்சது பாவமா?'ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பவே புரிஞ்சிது. என்னா பதில் சொல்றதுன்னு தெரிலக்கா." ஒரு வருஷமாகப் பொய்யான ஒன்றுக்கு அவன் ஆமென் சொல்லியிருக்கிறான்.

இனியாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவனையே கேட்டேன். சொல்லிடு என்றான். ரஷீதாவைக் கேட்டேன். சொல்லாதே, அந்தப் பொண்ணு அதைப் பிடிச்சிக்கினுதான் நிக்கிறா என்றாள். மூன்றாவதாக நான் கேட்க வேண்டிய ஆள் அண்ணி. அவரைக் கேட்க முடியவில்லை. என் வாழ்க்கையில் எந்தப் பெரிய விஷயத்தையும் நான் இவர்கள் இல்லாமல் தீர்மானித்ததில்லை. அன்று மத்தியானம் அடுப்படியில் சோறு கொதிக்கக் கொதிக்க நின்றேன். இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். ஒருத்தி என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னாள். இன்னொருவன் அவளைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டான். நடுவில் என் கணவர் என்ன கேட்டிருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று.

இனியா தட்டு எடுக்க வந்தாள். நான் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட என்னால் முடியாது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அவள் முதலில் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிறகு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அம்மா, டாக்டர்கிட்ட அதைச் சொன்னது நான். என் வாயால."

"உனக்குத் தெரியாதும்மா."

"என் வாயால" என்றாள் மறுபடியும்.

நான் பக்கத்தில் போனபோது கையைக் காட்டித் தடுத்தாள். சோறு குழைந்துவிட்டது. பிறகு போனை எடுத்து அத்தைக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் அண்ணி. போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

"அத்தை."

"சொல்லு பாப்பா." அந்தக் குரலிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது புரிந்தது.

அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டும் அளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை என்றும் நினைத்தேன். அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினாள்.

"அத்தை, நாம அப்பாகிட்ட நிஜமா கேக்க முடிஞ்சிருந்தா, அப்பா என்ன சொல்லியிருப்பாங்க?"

அங்கே தெருவில் ஒரு டிராக்டர் போகும் சத்தம் நெருங்கி வந்து விலகியது.

"தெரிலம்மா. தெரிஞ்சிருந்தா நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்."

அது அங்கே தெரியாது என்பதை மறந்து இனியா தலையை ஆட்டினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இந்த முறை அவள் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் அண்ணி அழுவது கேட்டது. அழாதீங்க என்று யாரும் சொல்லவில்லை. போனையும் யாரும் வைக்கவில்லை.